தோல்வியில் முடியும் வெற்றி

தை பிறந்து மாரி மழை ஓய்ந்ததும், வன்னிப் பெருநிலப்பரப்பின் பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், வெள்ளைக் கோடிட்ட மைதானங்களும், மாணவர் தம் கைகளாற் கட்டிய இல்லக் கூடாரங்களும், ஒலிபெருக்கியின் முழக்கமும் ஊரவரை அழைத்து வரும். ஓட்டப் போட்டிகளின் ஆரவாரத்துக்கு நடுவே, மைதானத்தின் ஒரு மூலையில் இரு தூண்களிடையே ஒரு தடி கிடக்கும். அதைச் சூழ்ந்து நிற்போர் சிலரே. அங்கு நடைபெறுவது உயரம் பாய்தல்.

உயரம் பாய்தலுக்குப் பிற போட்டிகள் பலவற்றுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் வெற்றியோடு நிற்கிறார். அத்துடன் அவர் வேலை முடிந்தது. உயரம் பாய்பவரின் நிலை அவ்வாறன்று. ஏனையோர் அனைவரும் விலகிய பின்னரும் அவருக்காகத் தடி மீண்டும் உயர்த்தப்படுகிறது. அவர் பாய்கிறார், தடி வீழ்கிறது. மீண்டும் பாய்கிறார், மீண்டும் வீழ்கிறது. மூன்றாம் முறையும் வீழ்ந்த பின்னரே பெரும்பாலும் அவர் பதக்க மேடைக்குச் செல்கிறார். வென்றவரின் இறுதிப் பாய்ச்சலும் தோல்வியாகவே அமைகின்றது. நெருக்கடியையும் தோல்வியையும் பெரும் போட்டிகளையும் விளையாட்டு வீரர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு, ஆகவே, இந்தத் தடி நல்லதோர் ஆசிரியராகும்.

இப்போட்டியின் விதிகள் எளியவை. ஒற்றைக் காலால் உந்தி எழ வேண்டும். தடி வீழாது நின்றால் நடுவர் வெள்ளைக் கொடியை உயர்த்துவார். வீழ்ந்தால் செங்கொடி எழும். தொடர்ந்து மூன்று முறை தவறியவர் போட்டியை விட்டு விலக வேண்டும். பலர் போட்டியில் நிற்கும் வேளையில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடமே. இருவர் ஒரே உயரத்தோடு நின்றுவிட்டால், அவ்வுயரத்தில் குறைவாகத் தவறியவர் எவர் என்று முதலிற் பார்ப்பர். அதிலும் சமமாயின், தொடக்கத்திலிருந்து அவ்வுயரம் வரை குறைவாகத் தவறியவரே முன்னிற்பார். சிறிய உயரத்திற் கவனக் குறைவால் வீழ்த்திய தடி, பெரிய உயரத்துக்கு வந்து கணக்குக் கேட்கும் என்பது இதன் பொருள்.

இக்கணக்கின் அருமையை உலகம் 2021ஆம் ஆண்டிற் கண்டது. முந்திய ஆண்டில் நடைபெற வேண்டியிருந்து, பெருந்தொற்றுக் காரணமாகப் பிற்போடப்பட்ட டோக்கியோ ஒலிம்பிக்கில், கட்டார் நாட்டு முதாஸ் பர்ஷிமும் இத்தாலிய வீரர் ஜியான்மார்கோ தம்பேரியும் 2.37 மீற்றர் வரை ஒரு முறையேனும் தவறாது பாய்ந்தனர். பெலருஸ் நாட்டு வீரர் ஒருவரும் அதே உயரத்தைத் தாண்டினார். ஆயின் அவர் முன்னரே தவறியிருந்தமையால் வெண்கலமே அவருக்குக் கிட்டியது. பின்னர் தடி 2.39 மீற்றருக்கு உயர்ந்தது. பர்ஷிம் மூன்று முறை பாய்ந்தார். மூன்று முறையும் தவறினார். தம்பேரியும் அவ்வாறே. மேலும் பாய்ந்து முடிவு காணலாம் என்று நடுவர் கூறியபோது, இரு தங்கப் பதக்கங்கள் வழங்க இயலுமா என்று பர்ஷிம் வினவினார். இயலும் என்றதும் இருவரும் தழுவிக்கொண்டனர். மும்முறை தோற்றவர் இருவர் ஒலிம்பிக் வெற்றியாளராயினர். 2024ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் அதே நிலை மீண்டும் தோன்றியது. அங்கு நியூசிலாந்து வீரர் ஹமிஷ் கேரும் அமெரிக்க வீரர் ஷெல்பி மக்கியுவனும் தங்கத்தைப் பகிராது தொடர்ந்து பாய்ந்தனர். முடிவில் கேர் வென்றார். இரு முடிவுகளுமே விதிக்கு உட்பட்டவை, இரண்டுமே மானமுள்ளவை.

தொலைதூர நாடுகளுக்குச் செல்லாமலே இப்பாடத்தைக் கற்பிக்கும் ஒரு வாழ்க்கை வடபுலத் தமிழர்க்கு நன்கு அறிமுகமானது. யாழ்ப்பாண மாவட்டத்துப் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்கு வயது பதினேழு. பதக்கம் கிட்டவில்லை. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். அங்கும் பதக்கம் கிட்டவில்லை. இரு பெரும் போட்டிகளில் வெறுங்கையோடு திரும்பிய இளைஞர், ‘நம்மால் ஆகாது’ என்று ஒதுங்கியிருந்தால் அவரைக் குறை கூறுவார் எவரும் இரார். அவர் ஒதுங்கவில்லை. 1958ஆம் ஆண்டில் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில், ஜப்பானியர் தம் சொந்த மண்ணிற் பாய்ந்த அப்போட்டியில், 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுவே.

வரலாறு பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்தப்படும். ஆனால் எதிர்வீரசிங்கம் நிறுத்தவில்லை. 1962ஆம் ஆண்டில் ஜகார்த்தாவில் மீண்டும் பாய்ந்தார். அங்கு ஜப்பானிய வீரர் ஒருவர் முதலிடம் பெற, இவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதல்வராக இருந்தவர் இரண்டாமவராக மேடையில் நிற்பதற்கு, தோற்றவர் வெல்வதற்கு வேண்டிய மனத்திட்பத்தினும் குறைந்தது போதாது. பின்னாளிற் கல்வித்துறையிற் பணியாற்றி, 2024ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1952, 1956, 1958, 1962 என்னும் நான்கு ஆண்டுகளையும் ஒருங்கே நோக்குவோர்க்கே அந்தத் தங்கத்தின் உண்மையான எடை விளங்கும்.

இனி, பெரும் போட்டியின்போது உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வது யாது என்பதைக் காண்போம். ஆபத்து நேருங்கால் உடல் தன்னைக் காத்துக்கொள்ள எழுவது போலவே, பெரும் போட்டியின் முன்னும் எழுகின்றது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலின் என்னும் நீரைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைந்து அடிக்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, நா வறள்கின்றது, தசைகள் இறுகுகின்றன. இவை கோழைத்தனத்தின் அடையாளங்கள் அல்ல. காலுக்கு வேண்டிய குருதியை இதயம் முன்கூட்டியே அனுப்பும் ஆயத்தமே இது. பழுத்த வீரர்க்கும் இதயம் படபடக்கவே செய்யும். ‘அஞ்சுகிறேன்’ என்று புதியவர் பொருள்கொள்ளும் அதே படபடப்பை, ‘உடல் ஆயத்தமாகிவிட்டது’ என்று அவர் பொருள்கொள்கிறார். வேறுபாடு பெரிதும் அங்கேதான் உள்ளது.

உள்ளத்தில் நிகழும் இடர்ப்பாடு இதனினும் நுட்பமானது. படிக்கட்டில் நாள்தோறும் இறங்குபவர் கால்களைப் பற்றி நினைப்பதில்லை. என்றேனும் ஒருநாள் பலர் பார்த்திருக்க, ‘இந்தக் காலை எங்கே வைப்பது’ என்று ஒவ்வொரு படிக்கும் எண்ணத் தொடங்கினால் அவர் தடுமாறுவார். ஆயிரம் முறை பயின்று உடல் தானாகவே செய்யக் கற்ற ஒன்றை, அறிவு இடையிற் புகுந்து கட்டளையிட முற்படும்போது அந்தச் செயல் குலைகின்றது. திறமை மிக்க வீரர் பெரும் போட்டியிற் சிறு பிள்ளை போலத் தவறுவதற்கு உளநூலார் காட்டும் காரணங்களுள் இது முதன்மையானது. பரிசு, பழி, ஊரவர் பேச்சு ஆகிய நினைவுகள் உள்ளத்தை நிரப்பித் தடியை மறைத்துவிடுவது மற்றொரு காரணம்.

இவற்றுக்கு மருந்தாக வீரர் கைக்கொள்வது மாறாத ஓர் ஒழுங்கு முறையாகும். ஓடத் தொடங்கும் இடத்தை அடியளந்து குறித்தல், அங்கு நின்று மூச்சை மெல்ல, நீள வெளிவிடுதல், பாய்ச்சலை ஒரு முறை மனக்கண்ணாற் காணுதல், பின்னர் ஓடுதல் என, சிற்றூர் மைதானத்திற் செய்வதையே பெருநகர் அரங்கிலும் செய்கின்றனர். 1968ஆம் ஆண்டில் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் வென்ற அமெரிக்கர் டிக் பொஸ்பெரி, ஓடுவதற்கு முன் முன்னும் பின்னுமாக அசைந்து நெடுநேரம் நின்று மனத்தை ஒருநிலைப்படுத்துவார். அவர் தடிக்கு முதுகு காட்டிப் பாய்ந்ததும் தோல்வியின் பயனே. அக்காலத்தில் வழங்கிய, தடிக்கு மேலே வயிறு கீழ்நோக்கப் புரண்டு பாயும் முறை அவருக்கு வாய்க்கவில்லை. பள்ளி மாணவராய்த் தோற்றுத் தோற்று, தம் உடலுக்கு இசைந்த வேறு வழியைத் தேடினார். இன்று உலகின் முன்னணி வீரர் அனைவரும் பாய்வது அவ்வழியே.

மூச்சை நீள வெளிவிடுவதிற் பெரும் மறைபொருள் எதுவும் இல்லை. மூச்சு வெளியேறும்போது இதயத்தின் துடிப்புச் சற்றே தணிகின்றது. இறுகிய தோளும் தளர்கின்றது. ஆனால் பயிற்சி நாட்களிற் பழகாத ஒன்று போட்டி நாளில் உதவாது. ஆகையால் தேர்ந்த பயிற்றுநர் நெருக்கடியையே பயிற்சிக்குள் கொண்டுவருவர். ஏனைய மாணவரைச் சுற்றிலும் நிறுத்திக் கூச்சலிடச் செய்வதும், ஒரே ஒரு பாய்ச்சல்தான் உண்டு என்று கட்டளையிடுவதும், களைத்த பின்னர் இறுதி உயரத்தை வைப்பதும் அவ்வகைப்பட்டவை. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. வசதி குறைந்த பள்ளிக்கூடமும் இதனைச் செய்யலாம்.

தடி வீழ்ந்த பின்னர் செய்ய வேண்டுவது யாது? தவறிய முதற் பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே சில நிமிடங்களே உண்டு. அந்நேரத்தில் தன்னை நொந்துகொள்ளும் வீரர் இரண்டாம் பாய்ச்சலையும் இழக்கிறார். தேர்ந்தவரோ தடி எவ்வாறு வீழ்ந்தது என்றே வினவுகிறார். உடல் மேலெழும்போதே தடியிற் பட்டதாயின், தடிக்கு மிக அருகே உந்தியிருக்கிறார் என்பது பொருள். கீழிறங்கும்போது தடிமேல் விழுந்தாராயின், மிகத் தொலைவில் உந்தியிருக்கிறார். எனவே ஓட்டம் தொடங்கும் குறியை ஓர் அடி முன்னோ பின்னோ மாற்றுகிறார். பயிற்றுநரும் அவ்வேளையில் ஒரே ஒரு திருத்தத்தைத்தான் சொல்வார்; பலவற்றைச் சொன்னால் குழப்பமே மிஞ்சும். இவ்வாறு நோக்குங்கால், வீழ்ந்த தடி ஒரு செய்தியைச் சொல்கின்றது. அழுவோர்க்கு அது கேட்பதில்லை.

சில நிமிடங்களில் ஆறும் தோல்விகளும் உண்டு. பல்லாண்டு சுமக்க வேண்டிய தோல்விகளும் உண்டு. மேலே கூறிய தம்பேரி, 2016ஆம் ஆண்டில் ரியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்னதாகக் கணுக்காலிற் காயமுற்று அவ்விழாவையே இழந்தார். காலில் இட்ட கட்டின்மேல் டோக்கியோவுக்கான வழி என்று எழுதி வைத்தார். ஐந்தாண்டின் பின், வென்ற நாளில் அந்தக் கட்டு அவரருகே இருந்தது. பர்ஷிமும் 2018இற் கணுக்காலிற் காயமுற்று, மறு ஆண்டு உலக வெற்றியாளராக மீண்டவரே. தொழில்முறை வீரர்க்குக் காலே பிழைப்பு; காயம் வெறும் நோவன்று, வருவாய் இழப்புமாகும். இருந்தும் அவர்கள் காயமுற்ற நாளிலிருந்தே அடுத்த நாளை எண்ணினர்.

தமிழகத்தின் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிற் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் கதை, வன்னி மக்களின் நெஞ்சுக்கு இன்னும் அண்மையானது. ஐந்து வயதிற் பள்ளி செல்லும் வழியிற் பஸ் வண்டி ஏறி அவர் வலக்கால் சிதைந்தது. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். 2016ஆம் ஆண்டில் ரியோ பராலிம்பிக்கில் 1.89 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் இந்தியக் கொடியைத் தாங்கிச் செல்லத் தெரிவு செய்யப்பட்டிருந்தும், விமானத்தில் தொற்றுக்குள்ளானவர் அருகே இருந்தார் என்று தனிமைப்படுத்தப்பட்டு அவ்வாய்ப்பை இழந்தார். போட்டியன்று மழையும் பெய்தது. 1.86 மீற்றரோடு வெள்ளி பெற்றார். 2024இல் பாரிஸில் 1.85 மீற்றரோடு வெண்கலம் பெற்றார். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வரிசைப்படுத்துவோர் அதனை இறக்கம் எனலாம். ஆனால் பாரிஸ் போட்டிக்குச் சில மாதங்கள் முன்னதாக ஜப்பானின் கோபே நகரில் 1.88 மீற்றர் தாண்டி உலக வெற்றியாளராக நின்றவரும் அவரே. மூன்று பராலிம்பிக் விழாக்களில் தொடர்ந்து மேடையேறிய ஒருவரை இறங்கியவர் என்பது கணக்கறியாதார் கூற்று.

இக்கதை வன்னிக்கு ஏன் அண்மையானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்ற வேளையில் இந்நிலத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தனர். பின்னர் மிதிவெடி அகற்றிய நிலங்களுக்குத் திரும்பி, வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் மீண்டும் எழுப்பினர். கால் இழந்தோரும் கை இழந்தோரும் இல்லாத ஊர் அரிது. அத்தகைய ஊரிலிருந்து ஒரு பிள்ளை வலயப் போட்டியில் வென்று, மாகாணப் போட்டிக்காக யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்குக்கோ, தேசியப் போட்டிக்காகக் கொழும்பு சுகததாச அரங்குக்கோ செல்லும்போது, அப்பிள்ளையின் தோளில் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையும் ஏறிக்கொள்கின்றது. கல்விக்குப் புறம்பான துறைகளிற் சிறந்தோர்க்குப் பல்கலைக்கழக அனுமதியிற் சிறப்பு ஏற்பாடு உண்டு. வேலைவாய்ப்பிலும் விளையாட்டுச் சான்றிதழ் துணை செய்யக்கூடும். ஆகவே அங்கு வீழும் தடி வெறும் தடி அன்று.

அதற்கு மேலும் ஓர் இடர் உண்டு. மெத்தை இல்லாத கிராமப் பள்ளிக்கூடத்தில் மணற்குழியே பாய்ந்து விழும் இடம். மணலில் முதுகாலும் கழுத்தாலும் விழுதல் ஆபத்தாகையால், அங்குள்ள பிள்ளை கத்தரிக்கோல் போலக் கால்களை மாற்றி வீசித் தாண்டும் பழைய முறையையே பயில வேண்டும். பெரும் அரங்கிலோ தடித்த மெத்தையும், இறப்பர் போன்ற செயற்கைத் தளமும், முதுகு காட்டிப் பாயும் எதிராளிகளும் காத்திருக்கின்றனர். இத்தகைய தோல்விக்குத் துணிவின்மையைக் காரணமாகக் காட்டுவது நீதியன்று. இயலுமாயின் முந்திய நாளே அரங்கைக் காட்டி, அத்தளத்தில் நடக்கவும் ஓடவும் விடும் உடற்கல்வி ஆசிரியர், பதற்றத்தின் பாதியைக் களைந்துவிடுகிறார்.

மற்றப் பாதியைக் களைய வேண்டியவர் வீட்டவரும் ஊரவருமாவர். போட்டிக்குச் செல்லும் பிள்ளையிடம் ‘பதக்கத்தோடு வா’ என்பது அன்பின் சொல்லே. ஆயினும் பதக்கம் அப்பிள்ளையின் கையில் மட்டும் இருப்பதன்று, எதிராளியின் திறமையையும் சார்ந்தது. தன் உயரத்தினும் ஒரு விரலளவு கூடுதலாகப் பாய்வது பிள்ளையின் முயற்சிக்கு உட்பட்டது. தன்னால் ஆளத்தக்கதை இலக்காக வைத்தவர்க்கு நெருக்கடி குறைகின்றது. வெறுங்கையோடு பஸ் வண்டியால் இறங்கும் பிள்ளையை எதிர்கொள்ளும் முறையும் அதைப் போன்றதே. ‘ஏன் தோற்றாய்’ என்ற கேள்விக்கு விடையாக வருவது கண்ணீர். ‘தடி எப்படி விழுந்தது’ என்று கேட்டால், பிள்ளை சிந்திக்கத் தொடங்கும். ஒரு நாள் அழ விடலாம். மறுநாள் மைதானத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முதற் பெரும் தோல்வியின் பின் மைதானத்துக்கு வாராது நின்றுவிடும் பிள்ளையே ஊருக்கு உண்மையான இழப்பு.

மைதானத்துக்குத் திரும்புவதற்கு வயது தடையன்று என்பதற்கும் வன்னியிலேயே சான்று உண்டு. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், 2023ஆம் ஆண்டிற் பிலிப்பைன்ஸ் நாட்டில் மூத்தோர்க்கென நடைபெற்ற மெய்வல்லுநர் போட்டியில், எழுபத்திரண்டு வயதில் இரு தங்கப் பதக்கங்களும் ஒரு வெண்கலப் பதக்கமும் வென்றார்.

இரணைமடுவின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் நெல் விதைக்கும் உழவர்க்கு இவையெல்லாம் புதிய செய்திகள் அல்ல. காலபோகம் வெள்ளத்தில் அழிந்த ஆண்டும் உண்டு. சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டும் உண்டு. போகம் பொய்த்த வீட்டிற் பசி வரலாம். ஆயினும் விதைநெல்லை எடுத்துச் சமைப்பதில்லை. விளையாட்டு வீரர்க்கு அந்த விதைநெல், அடுத்த நாளும் பாய வேண்டும் என்னும் விருப்பமே. தடி வீழ்ந்தால் அதனை எடுத்து மீண்டும் வைக்க இருவர் போதும். அடியளந்து, குறியிட்டு, மூச்சை நீள விட்டு மறுபடியும் ஓடுவதற்கு அந்தப் பிள்ளை வர வேண்டும்.